கட்டின கை

மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் துணி காய்வதில்லை. நீங்கள் பாலக்காட்டிலிருந்து இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றீர்கள். ஒரு ஆடி மாதம் போனால் தெரியும். வெளியே மழை, உள்ளே காயலின் ஈரம். கொடியில் போட்ட துணி மறுநாளும் போட்டபடியே கனத்துக் கிடக்கும். எங்கள் மடத்தில் வெள்ளைத் துணி மட்டும்தான். துவைப்பது என் பொறுப்பு. அதை நான் யாரிடமும் விட்டதில்லை.

சாயா ஆறட்டும், பரவாயில்லை. மதியத்துக்கு முன்னால் நான் எதுவும் குடிப்பதில்லை.

சந்தனமாரி உங்களிடம் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவள் பொய் சொல்ல மாட்டாள். நான் வளர்த்த பிள்ளை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். ஐயா இறந்த பிறகு அதைச் சொல்லக் கூடாது என்று தடுக்க யாரும் இல்லை.

விளக்கு மடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சுக்குக் கிடங்கின் மாடி. கீழே இஞ்சியைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசிக் காயவைப்பார்கள். அந்தத் தூசி எங்கள் தலையில் படியும். செல்லதுரை ஐயா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மாடியில் ஒரு விளக்கை ஏற்றினார். படம் இல்லை, சிலை இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சில குடும்பங்கள் அந்த விளக்கைச் சுற்றிச் சேர்ந்தோம். என் புருஷன் வல்லார்பாடத்துக்குப் போன வள்ளம் கவிழ்ந்து இறந்தபோது நான் கையில் ஒரு பெண் குழந்தையோடு நின்றேன். ஐயா மாடியில் இருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குப் போக வேறு இடம் இருந்ததில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பேசின வாயின் மூச்சு விளக்கில் படக்கூடாது என்பது ஐயாவின் கட்டளை. அதனால் விடிந்ததிலிருந்து மதியப் பூசை முடியும்வரை வாயைத் துணியால் கட்டிக்கொள்வோம். கிடங்கு வேலைக்கோ வேறு காரியமாகவோ வெளியே போகும் பெரியவர்களுக்கு விலக்கு உண்டு. பிள்ளைகளுக்கு வேலை இல்லை, அதனால் விலக்கும் இல்லை. பள்ளிக்கூடம் காலையில் நடப்பதால் அங்கே அனுப்பவில்லை.

பெரியவர்கள் தாங்களே கட்டி, தாங்களே அவிழ்ப்பார்கள். பிள்ளைகளுக்குச் சொந்த முடிச்சு கிடையாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கைதான் கட்ட வேண்டும். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை தொட்டால் அந்த வாய் பிறகு சோற்றுக்கும் சொல்லுக்கும் ஆகாது என்பார் ஐயா. அந்தக் கை என்னுடையது.

மதியம் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து எனக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். முடியை ஒதுக்கிவிட்டுத் தலையைக் கொஞ்சம் குனிவார்கள். என் விரல் பிடரியில் பட்டதும் ஒரு பெருமூச்சு வரும். அதைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். தப்பு செய்த பிள்ளைக்கு மட்டும் மதியம் கட்டு அவிழாது. சாயங்காலம் அவிழும், இல்லாவிட்டால் மறுநாள். நான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே மூட்டை தூக்கும் ஆட்கள் சன்னலில் பிள்ளைகளைப் பார்த்தால் கூப்பிடுவார்கள்.

"ஆவுடை அக்கா, எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே நாள்ல பல்லுவேதனையா?"

"பல்லு இல்லடா. மீன் வாசனை வெளியே வராம இருக்கக் கட்டி வச்சிருக்கா."

"அதுக்கு மொதல்ல மீன் திங்கக் குடுக்கணுமே."

சிரிப்பார்கள். பிள்ளைகளும் கண்ணால் சிரிக்கும். எங்கள் மேல் யாருக்கும் பகை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பிள்ளைகளில் மூத்தவள் முப்பிடாதி. அவளைப் பெற்றவள் நான் என்று உங்கள் ஃபைலில் இருக்கும். அது சரிதான். மடத்தில் அம்மா என்று கூப்பிடுவது இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் அக்கா. அவளுக்கும்.

பக்கத்து மாடியில் மிளகு வியாபாரி முகமது இஸ்மாயிலின் வீடு. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள். அவர் மனைவி சுல்ஃபத்தின் சமையலறைச் சன்னலும் எங்கள் சன்னலும் எதிரெதிரே இருந்தன. நடுவில் கை நீட்டினால் எட்டுகிற சந்து. கப்பைக் கிழங்கு அவித்தால் ஒரு துண்டை முப்பிடாதிக்கு நீட்டுவாள்.

"யக்கா, புள்ள வாயோரம் புண்ணாக் கெடக்கு, பாத்தீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். "ஈரத்துணியக் கட்டினா பின்ன என்ன ஆவும்?"

"துணி காயல, சுல்ஃபத்."

"காயலேன்னா ஒரு நாளு கட்டாம விடுங்க. ஒங்க வெளக்கு என்ன, கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிருமா?"

நான் சன்னலைச் சாத்தினேன். சுல்ஃபத் நல்ல பெண். அவளுக்கு விவரம் போதாது.

எழுபத்தொன்பதில், கோடை மழை தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் முப்பிடாதி அந்தச் சன்னலில் நின்று சுல்ஃபத்திடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சுல்ஃபத் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் ஐயாவிடம் சொன்னேன்.

"பிள்ளைக்கு வாய் நீளுது தாயீ," என்றார் ஐயா. "கட்டு. நான் சொல்லுத வரைக்கும் அவுக்காதே."

கட்டினேன். மறுநாள் மதியம் கழிந்து ஜீப்பும் ஒரு வேனும் வந்தன. சமூகநலத் துறையிலிருந்து கமலாக்ஷி என்ற அதிகாரி வந்திருந்தார். கூட இரண்டு பெண் போலீசார். மற்றப் பிள்ளைகள் கட்டு அவிழ்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி மட்டும் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் போலீஸ் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈர முடிச்சு. நகத்துக்கு மசியவில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லி, கன்னத்துப் பக்கம் துணியை வெட்டி எடுத்தாள். முப்பிடாதி அழவில்லை. உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அப்படியே படியிறங்கி, அப்படியே வேனில் ஏறினாள். மூட்டைக்காரர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வழிவிட்டார்கள்.

எர்ணாகுளத்தில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வைத்தார்கள். நல்ல இடம்தான். கட்டில் இருந்தது, பால் இருந்தது. மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆனால் எது கேட்டாலும் பேசவில்லை. மூத்தவள் வாய் கட்டியிருக்கும்போது இளையவர்கள் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. முப்பிடாதி பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என்ன செய்தால் சாப்பிடுவாள் என்று கமலாக்ஷி எல்லாப் பிள்ளைகளையும் கேட்டிருக்கிறார். கடைசியில் சந்தனமாரி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறாள். அக்கா வந்து அவிழ்க்கணும். அதைக் கேட்டுத்தான் கமலாக்ஷி தானே மாடியேறி வந்தார். ஐயா உட்கார்ந்திருந்தார். கமலாக்ஷி அவரைப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"ஆவுடையம்மா, குட்டியுடெ வாயில ஒண்ணுமில்லே. ஞான் நோக்கினதா. பின்னெ எந்தா அவிழ்க்கணும்?"

"முடிச்சு," என்றேன்.

"எவிடெ முடிச்சு?"

அவர் கண் கலங்கியிருந்தது. "சரி. உண்டு. முடிச்சு உண்டு. நிங்ஙள் வந்து அவிழ்க்கணும். ஞான் காலு பிடிக்காம்." என் காலைப் பிடிப்பதாகச் சொன்னார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். போ என்றார். படி வரைக்கும் கூடவே வந்தார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"அவ வாயத் தொறந்தா மடத்துக்கு ஒண்ணும் ஆகாது தாயீ. ஒனக்குத்தான்."

படகுத்துறையிலிருந்து போட்டில் போனோம். தூறல் விழுந்தது. கமலாக்ஷி தன் குடையை எனக்குப் பிடித்தார். அவருடைய தோள் நனைந்தது. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, முப்பிடாதி சுல்ஃபத்திடம் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். சுல்ஃபத் அதைப் புகாரில் சொல்லியிருந்தாலும் சன்னல் வழியே கேட்ட பேச்சு சாட்சி ஆகாது. பார்த்தவள் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின வருடம் ஆடியில் செல்லப்பா இறந்தான். எங்களோடு மடத்தில் இருந்த மாடத்தியின் மகன், சின்னப் பிள்ளை. காய்ச்சல் என்று சொன்னோம். காய்ச்சல் இல்லை. அவனுக்குச் சளி இருந்தது. மூக்கு அடைத்திருந்தது. அன்று காலை எந்தத் துணியும் காயவில்லை. நான் ஈரத்துணியைத்தான் கட்டினேன். எல்லாருக்கும் கட்டியதைத்தான் அவனுக்கும் கட்டினேன்.

நான் பின்பக்கம் துவைத்துக்கொண்டிருந்தேன். முப்பிடாதி ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் வாயும் கட்டியிருந்ததால் சொல்ல முடியாது. உள்ளே கையைக் காட்டினாள். மதியம் ஆகட்டும் என்று கையால் காட்டினேன். போனாள். மறுபடி வந்தாள். தரையில் உட்கார்ந்து குதிகாலால் உதைத்துக் காட்டினாள், அவன் அப்படி உதைக்கிறான் என்று. மதியம் ஆகட்டும் என்று மறுபடியும் கையால் காட்டினேன்.

அவள் நினைத்திருந்தால் அவளே அவிழ்த்திருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தாள். அவிழ்க்கவில்லை. என் கை வரட்டும் என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அப்படித்தான் வளர்த்திருந்தேன். மாடத்தி அப்போது கீழே இஞ்சி சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மாடிக்கும் நடுவில் ஒரு பலகைத் தளம்தான். மேலே பிள்ளைகள் குதிச்சு விளையாடுதுகன்னு நெனச்சேன் என்று பிறகு சொன்னாள்.

மதியப் பூசை முடிந்து நான் போனேன். அவன் முதுகைக் காட்டி நிற்கவில்லை. நானே திருப்பி அவிழ்த்தேன். சுள்ளிக்கல் பக்கம் புதைத்தோம். இவ்வளவும் சந்தனமாரி சொல்லியிருப்பாள். அவளும் அந்த அறையில் இருந்தவள்தான்.

ஆஸ்பத்திரியில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

முப்பிடாதியின் கையில் குளுக்கோஸ் ஊசி இருந்தது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு. கட்டிலில் பிள்ளை இருப்பதே தெரியவில்லை. ஒரு கை வாயை மூடியபடி இருந்தது. தூங்கும்போதும் அந்தக் கை இறங்குவதில்லை என்று நர்ஸ் சொன்னாள். என்னைப் பார்த்ததும் முப்பிடாதி எழுந்து உட்கார்ந்தாள். யாரும் பிடிக்கவில்லை, தானே உட்கார்ந்தாள். வாயிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி எனக்கு முதுகைக் காட்டினாள். முடியை ஒதுக்கினாள். தலையைக் குனிந்தாள்.

கமலாக்ஷி கதவோரம் ஒரு கிளாஸில் கஞ்சித்தண்ணீரோடு நின்றார்.

நான் இரண்டு கையையும் பிடரியில் வைத்தேன். சூடாக இருந்தது. எலும்பு கையில் தட்டுப்பட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவிழ்க்கிற கை முதலில் உள்ளே போகும், முடிச்சைத் தளர்த்த. கட்டுகிற கை வெளியே இழுக்கும். துணி இல்லாத இடத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பிடரிக்குத் தெரியும். நான் வெளியே இழுத்தேன். முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கினேன்.

"மதி. ஈஸ்வரா, மதி," போதும் போதும் என்று சொல்லிக்கொண்டு கமலாக்ஷி கிளாஸோடு ஓடி வந்தார். "இனி குடிக்கும். குடிக்கும், என்டெ குட்டி."

முப்பிடாதி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தப்பு செய்த பிள்ளை மதியம் வரிசையில் கடைசியாக நின்று, கட்டு அவிழாமல் திரும்பிப் போகும்போது பார்க்குமே, அப்படிப் பார்த்தாள். பிறகு கையை வாய்மேல் வைத்துக்கொண்டு படுத்தாள். கமலாக்ஷி கிளாஸை உதட்டருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் சாயங்கால போட்டில் திரும்பினேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டிருக்கிறார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் வந்தது. அந்த வாரமே போய்விட்டாள். அரசாங்க இல்லத்துக்குக் கொண்டுபோன பிள்ளை செத்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஊர்வலம் நடந்தது. வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு எங்கள் பெரியவர்களும் போனார்கள். நான் முன்வரிசையில் நடந்தேன். பெற்றவள் என்பதால் அங்கே நிறுத்தினார்கள். பேசுகிற சாட்சி இல்லாததால் மற்றப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கமலாக்ஷியை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். இஸ்மாயில் வீட்டையே மாற்றிக்கொண்டார். பிள்ளைகள் திரும்பி வந்த மறுநாள் விடிந்ததும் நான் அவர்களுக்குக் கட்டினேன். சந்தனமாரி ஓடிப்போகிற வரைக்கும் அவளுக்கும் கட்டினேன்.

எனக்கு என்ன ஆகுமோ என்று பயந்து அப்படிச் செய்தேனா என்று கேட்டீர்கள். ஐயா சொன்னதைக் கேட்டதும் பயம் இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டிலருகில் நின்றபோது பயம் இல்லை. வேறு கை பட்டுக் கெட்டுப்போன வாயோடு அவள் எத்தனை காலம் இருப்பாள்? நான் அவளைக் காப்பாற்றினேன். அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் போனாள். அப்படி ஒரு பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பள்ளிவாசலில் நடுப்பகல் பாங்கு சொல்கிறார்கள். இனி சாயா குடிக்கலாம்.

உங்கள் மேசையில் பிரித்து வைத்திருக்கும் அந்தக் காகிதப் பொட்டலத்தை வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போலீஸ் வெட்டி எடுத்த துணி. பழுப்பேறிவிட்டது. கன்னத்துப் பக்கம் வெட்டியதால் முடிச்சு அப்படியே இருக்கிறது. என் முடிச்சுதான். யார் கேட்டாலும் சொல்வேன்.

மதியம் ஆகிவிட்டது. அதை இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், அவிழ்த்து விடுகிறேன். பிள்ளை காத்துக்கொண்டிருக்கும்.