தலகணியோடு பங்கருக்குள்

நீர்வேலிச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்காகக் காலையிலிருந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற நிறைமாதப் பெண், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத நடுத்தர வயதுக்காரியிடம் சொன்னாள்:

“ஒவ்வொரு நாளும் தலகணியைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள்ளை இறங்கிப் பழகிறன், அக்கா.”

“ஏன் பிள்ளை?”

“குழந்தை பிறந்தாப் பிறகு பொம்பர் வந்து குண்டு போட்டா, தூக்கிக்கொண்டு இறங்கவேணுமெல்லே. இதுதான் எனக்கு முதல் பிள்ளை.”

மற்றவள் சிரிக்கவில்லை.

“எப்பிடி இறங்கிறனீ?”

“ஒரு கையாலை தலகணி, மற்றக் கையாலை சுவர்.”

“பச்சைப்பிள்ளைக்குக் கழுத்து நிக்காது. ரெண்டு கையும் வேணும். நான் அப்பிடித்தான் சறுக்கி விழுந்தனான். பிள்ளைக்கு ஒண்டுமில்லை, என்ரை கால்தான் முறிஞ்சது.”

“அப்ப சுவரை என்னத்தாலை பிடிக்கிறது?”

“பிடிக்காமலே இறங்கக்கூடியதாப் படியை அகலமா வெட்டவேணும். மனுசனிட்டைச் சொல்லன்.”

“அவர் கொழும்பிலை. சண்டையாலை பாதை பூட்டினதோடை வரேலாமல் நிக்கிறார்.”

வரிசை அசையவில்லை. நடுத்தர வயதுக்காரி தன் வெறும் போத்தலைக் கீழே வைத்தாள்.

“வீட்டிலை மண்வெட்டி இருக்கே?”

“ஓம்.”

“எண்ணெய் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் உன்னோடை வாறன். இண்டைக்கே வெட்டுவம்.”