முன்கதவுக்குப் பலகை அடித்தவர்

பெயர் ஃபெதோசியா ஷூபினா, காலஞ்சென்ற நிக்கனோரின் மனைவி, வயது அறுபத்தேழு, தொழில் சலவை, பெத்ரோகிராது வசீலித் தீவில் பின்படிக்கட்டு நிலவறையில் குடியிருப்பவள். எங்கள் கட்டிடக் குழுத் தலைவராக இருந்த கபிதோன் ஸீபின், நான் சாவிக்கொத்தைப் பறித்ததாகக் கொடுத்த புகாரில் விசாரிக்கப்பட்டுக் கூறுவதாவது:

ஜார் காலத்தில் இதே ஸீபின் என் மகனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தார். மகன் சைபீரியாவிலிருந்து திரும்பவில்லை. ஜார் போனதும் ஸீபின் கோட்டில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு குழுத் தலைவரானார். அந்தத் தேர்தல் வசதியான குடித்தனக்காரர்களின் முன்படிக்கட்டுக் கூடத்தில் நடந்தது. வேலைக்காரர்களும் ஏழைகளுமான பின்படிக்கட்டுக்காரர்கள் அங்கே கால் வைக்கும் வழக்கமில்லை. ஆகவே எங்களில் ஒருவரும் கை தூக்கவில்லை.

இந்த ஜூலையில் தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, ஸீபின் முன்கதவுக்குப் பலகை அடித்து, எல்லோரும் முற்றம் வழியாகவே போய்வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதன் பிறகு சனிக்கிழமை காலை, எங்கள் பின்படிக்கட்டு உஸ்தீனியா கைக்குழந்தையோடு ரொட்டி வரிசையில் நின்றபோது, அவள் மூட்டையை வெளியே வைத்துவிட்டு அறையைப் பூட்டினார். அவள் கணவன் போர்முனையில் இருக்கிறான். அறை தன் மைத்துனனுக்கு வேண்டும் என்றார். நான் ஏன் என்று கேட்டேன்.

"பேப்பர்ல போட்டிருக்கான் கிழவி, பிரதமரா இருந்த இளவரசர் போயாச்சு. போர் மந்திரியே பிரதமரும் ஆயிட்டாரு. ரெண்டு நாற்காலியும் ஒருத்தருக்கே. இங்கயும் இனி நான் வச்சதுதான் சட்டம்."

"இளவரசரே எந்திரிச்சுப் போயிட்டாரு, நீ எதைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க? கூட்டத்தைக் கூட்டு" என்றேன்.

முன்படிக்கட்டுக்காரர்களை நம்பிக் கூட்டினார். முன்கூடத்தைத் தாமே அடைத்துவிட்டதால் முற்றத்தில் கூட்ட வேண்டியதாயிற்று. அன்று வெளுப்பு நாள். பின்படிக்கட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தொட்டிகளைச் சுற்றி நின்றோம். உஸ்தீனியா மூட்டையும் குழந்தையுமாகக் கதவோரம் நின்றாள். ஸீபினுக்குப் பதில் தலைவியாக என்னை ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்று நான் சொன்னதும், நுரை வழிய வழியக் கைகள் எழும்பின.

"நுரைக் கை செல்லாது" என்றார் ஸீபின்.

"அப்ப உங்க உள்ளாடைய நீங்களே துவைச்சுக்கங்கய்யா" என்றாள் சமையல்காரி மாவ்ரா. முன்படிக்கட்டு மேல்மாடிப் பேராசிரியரின் மனைவிகூடச் சிரித்துவிட்டு எனக்குக் கை தூக்கினார்.

அதன் பிறகு நான் சாவியைப் பறிக்கவில்லை. கை நீட்டினேன், அவரே வைத்தார். அறையைத் திறந்தேன். குழந்தை அதன் தொட்டிலிலேயே தூங்கிற்று.

மேலே தொழில் சலவை என்று எழுதியிருப்பது சரி. பக்கத்தில் கட்டிடக் குழுத் தலைவி என்பதையும் சேர்க்கவும். புகார்தாரர் ஸீபின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீடு திரும்பினால் வாசலை நான்தான் திறந்துவிட வேண்டும், திறப்பேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எழுதத் தெரியாததால் சிலுவைக் குறி இட்டிருக்கிறேன்.

✕ ஃபெதோசியா ஷூபினா, தலைவி