சாம்பலில் நின்ற காது குத்து

கூடலூரிலிருந்து தேனி போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பெண் புருசனிடம் கத்தினாள். "எங்கயோ எரிமலை வெடிச்சதுக்கு எம்மக காது குத்து ஏன் நிக்கணும்?"

"பிளேன் எல்லாத்தையும் நிறுத்திட்டாக. டிவியிலயே காட்டுறாகளே."

"போன வருசம் எங்கண்ணன் லீவு இல்லைன்னான். அதுக்கு முந்தி விசான்னான். இப்பச் சாம்பலாம்! தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? பத்திரிகை வச்ச சனம் பூராம் நாளைக்கு வந்து நிக்குமே!"

"மச்சான் மூணு நாளா லண்டன் ஏர்போர்ட்டுல தரையிலயே படுத்துக் கிடக்காகளாம். பிள்ளைக்கு வாங்குன கம்மல் சட்டைப் பையிலதான் இருக்காம்."

பஸ் கம்பத்தைத் தாண்டியது. அவள் முன்னைவிடச் சத்தமாகக் கேட்டாள்.

"அவன் மேலயும் தப்பு இல்லைன்னா, நாளைக்கு அத்தனை பேரு முன்னாடி நான் யாரை வையிறது?"