டில்லிபாபுக்கு ஏத்துன ரெத்தம்

இருங்க மேடம், ஊசியக் குத்தாதீங்க. இன்னாத்துக்குன்னு சொல்லிட்டுக் குத்துங்க. எங்கூட்டுக்காரரு டில்லிபாபுக்குக் காலையிலயே ஒரு தபா ரெத்தம் எடுத்தாங்களே, அது எங்க போச்சு?

மறுபடி டெஸ்ட்டா? அப்ப மொதல்ல பண்ணது இன்னா? ரெத்தம் ஏத்த ஆரம்பிச்சி பத்து நிமிசங்கூட ஆவல, குளுருதுன்னாரு. கட்டிலே ஆடுது. இடுப்பு நோவுதுன்னு கத்துறாரு. கம்பெனில மிசின்ல காலு மாட்னப்பக்கூடக் கத்தாத மனுசன். நர்சம்மா ஓடியாந்து நிறுத்திச்சி. ஒடனே நீங்க லேப்புலேந்து வர்றீங்க, மீதி ரெத்தம் கீற பையக் கேக்குறீங்க. எதுக்கு, மறைக்கவா? நான் போன்ல படம் புடிச்சி வெச்சிகினேன், சொல்லிட்டேன்.

கோச்சிக்காதீங்க மேடம். எனக்கு நின்னு பேசவே வராது. நூம்பல்ல எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, நிஷா வாயத் தொறந்து யாரும் பாத்தது கெடையாது. கைக்கொழந்தைய மாமியா கிட்ட வுட்டுட்டு வந்து கீறேன். அதுக்கு அப்பன் வோணும். அதான் கேக்குறேன்.

ஏன் அந்தக் கையில எடுக்குறீங்க? ஏத்துன கை வாணாமா. சரி. மூத்திரம் எதுக்கு? நான் பாத்தேன், டிகாஷன் மாரி கீது. வேற குரூப்பு ஏறுனா அப்டிப் போவுமா?

அப்ப தப்பு உங்க லேப்புலதான்.

டியூப்புல கீற ரெத்தத்துக்குச் சரியாத்தான் குடுத்தீங்களா? டியூப்ப எடுத்தாந்தது நான்தான். கீழ குடுத்துட்டு வான்னுச்சி நர்சம்மா. இங்க எல்லார் ஊட்டாளுங்களும்தான் எடுத்துகினு போறாங்க. பக்கத்து பெட்டு வேம்புலி அண்ணன் சம்சாரத்துக்கு முட்டி வலி, படி எறங்க முடியல, அண்ணனோட டியூப்பையும் என் கிட்டயே குடுத்தாங்க. எப்டி மாட்டேன்றது?

கை வேர்வையில பேரு ஒட்டுன சீட்டு ரெண்டும் பேந்துடிச்சி. திரும்ப மேல போனா நர்சம்மா திட்டும். நானே ஒட்டிக் குடுத்துட்டேன். வலது கையில கீறது இவருதுன்னு நெனச்சித்தான்.

இன்னா மேடம், ஊசிய வெச்சிட்டு எழுந்துட்டீங்க? வேம்புலி அண்ணனா? இப்பதான் ஆபரேசன் தியேட்டருக்கு இட்டுகினு போனாங்க. போறப்பவே ரெத்தப் பை தொங்கிகினுதான் இருந்திச்சி. ஆனா அவரு குளுருதுன்னு ஒண்ணும் சொல்லலியே. வந்ததுலேந்து மயக்கமாத்தானே கீறாரு.