ஹெல்மெட் பிடித்த சீட்டு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக ஒரு ஹெல்மெட் வந்து என் முன்சீட்டில் விழுந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு அதன் சொந்தக்காரரும் வந்து சேர்ந்தார்.

பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "பஸ்ஸுக்கு எதுக்குங்க ஹெல்மெட்டு?"

"வண்டி வூட்ல கீதுங்க. இப்பல்லாம் கடைத்தெருவுல நிறுத்துனா மணிக்கு மணி காசு கேக்கறாங்க. ஓரமா வுட்டா தூக்கினு போயிடறாங்க. அதான் பஸ்ஸு."

"சீட்டு புடிக்க ஒரு துண்டு போதாதா?"

"துண்டுன்னா தள்ளிவுட்டு ஒக்காந்துக்கறாங்க. ஹெல்மெட்டுன்னா ஒருத்தனும் தொடல."

"நல்ல யோசனதான்!"

"இன்னா யோசன, போங்க! பஸ்ஸுல சீட்டு கெடைக்கலன்னுதான் வண்டியே வாங்குனேன். வாங்குனப்புறம்தான் சீட்டு கெடைக்குது."