என்னிடம் சொல்லாத கடவுச்சொல்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிடுங்கள் சார். எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் பார்த்துக்கொள்வது என் வேலை. அதைவிடப் பெரிய வேலை, மற்றவர்களின் கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்வது. அது யாரும் கொடுத்த வேலையில்லை, தானாக வந்து சேர்ந்தது. லீவு போடுகிறவர்கள், மறதிக்காரர்கள், எல்லோரும் என் காதில் ஓதிவிட்டுத்தான் போவார்கள். கடவுச்சொல் ஆளை உரித்துக் காட்டிவிடும். எலும்பு டாக்டர் மனைவி பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டது, அந்த அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கணக்குப் பிரிவு மீசைக்காரர் இந்த வயதிலும் ஒரு நடிகையின் பெயரை வைத்திருக்கிறார். யாரிடமாவது சொல்லியிருப்பேனா? உங்களிடம் சொல்வது வேறு.

பிறகு பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் வந்தார். கடவுச்சொல்லைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராக வந்து புதியதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மருந்தகத்துப் பெண்ணைத் தவிர.

அவளை அங்கே வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். கட்டடமே என்னை அக்கா என்று கூப்பிட, அவள் மட்டும் பெரியம்மா என்பாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியம்மா. சொல்லக் கூடாதுன்னுட்டாங்களே."

"அதுக்கென்னம்மா, நான் கோவிச்சுக்கவா போறேன்?"

கோபித்துக்கொள்ளவில்லை. மனசில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. லிஃப்ட்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "என்னக்கா, உங்ககிட்டயேவா சொல்லல?" என்று அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் கணினி என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறது என்று அவளைக் கூப்பிட்டேன். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நல்ல பெண். "உன் பேர்ல உள்ள போய்ப் பாரேன்" என்றேன். மேசையைத் துடைக்கிற சாக்கில் அவள் விரல்களைப் பார்த்தேன். அவள் தட்டியது 'பெரியம்மா', அதன் பின்னால் என் பிறந்தநாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதை என்னிடம் வாய்விட்டுச் சொல்வதற்கு என்ன?

மறுநாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் பெயரில் உள்ளே போய் ஒரு நோயாளியின் பதிவில் ஒரே ஒரு வரியை எடுத்தேன். பென்சிலின் ஆகாது என்கிற வரி. காலில் புண்ணோடு வந்து படுத்திருந்த பார்சல் வண்டிக்காரர். கலகலப்பான மனிதர். ஊசி போடுமுன் எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று நர்ஸ் கேட்டதற்கு, "எல்லாம் அக்கா கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, என்னை ஏன் கேக்குற?" என்றாராம்.

அன்று சாயங்காலமே போய்விட்டார்.

நான் நினைத்தது அதுவல்ல. கொஞ்சம் தடிப்பு வரும், அரிப்பு வரும், மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும். அவளுக்கு நாலு திட்டு விழும். அழுதுகொண்டு என்னிடம் வருவாள்.

வந்தாளே. வரியை அழித்தது அவள் பெயரில் இருந்ததால் வேலை போனது, வழக்கு அவள் மேல் பாய்ந்தது, கல்யாணமும் நின்றது. என் மடியில் தலை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டில் யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் தலையைக் கோதிவிட்டேன். அவள் பெயர் என் கணினியிலிருந்து உள்ளே போயிருக்கிறது என்று அந்தப் பாதுகாப்பு அதிகாரி கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால், இன்றைக்கும் உங்கள் ஸ்டேஷனுக்கு வராமல் அவளோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

வண்டிக்காரரின் பழைய பதிவைப் பார்த்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முன்பு ஒருமுறை அதே மருந்தில் மூச்சடைத்து, பிழைத்ததே பெரிது என்று அதில் எழுதியிருந்தது. படித்தேன் சார். வரியை எடுப்பதற்கு முன்னால்தான் படித்தேன். கண்ணில் பட்ட எதையும் நான் படிக்காமல் விட்டதில்லை.

அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். இப்போதெல்லாம் அவள் என்னிடம் எதையும் மறைப்பதில்லை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக்கூட நான் கேட்காமலே சொன்னாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?