சஞ்சீவன் அண்ணையின் ஏழு மாதங்கள்

2025 ஜூன் 19, வியாழன்.

இன்று விட்ட பிழை: கடையில் ஒருவருக்குப் பன்னிரண்டு பக்கம் போட்டோகொப்பி எடுக்க வேண்டியதில் பதினொன்றுதான் எடுத்துக் கொடுத்தேன். அவர் லா சப்பல் மெற்றோப் படிவரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்டேன். விடுபட்ட பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

ஒவ்வொரு நாளும் விட்ட பிழை ஒன்றோடு எழுதத் தொடங்கச் சொன்னவர் மாலை வகுப்பு ஆசிரியை ஜிஸ்லேன். பிரெஞ்சில் எழுத வேண்டும். நான் முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு பிரெஞ்சில் சுருக்கி எழுதுவேன். இன்று எழுதப் போவதைப் பிரெஞ்சில் எழுத மாட்டேன் என்று நினைக்கிறேன். வகுப்புத் தொடங்க இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதினால், எந்த இடத்தில் பிழை தொடங்கியது என்று எனக்கே தெரியவரும்.

நான் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் உதவிப் பயிற்றுநர். உதவிப் பயிற்றுநர் என்பது பெரிய சொல். பந்துகளுக்குக் காற்றடிப்பேன், கூம்பு அடுக்குவேன், பதினொரு வயதுக்குட்பட்டவர்களின் சப்பாத்துக் கயிறு கட்டுவேன். எழுத்து வேலை ஓரளவு ஒழுங்காகச் செய்வேன் என்பதால் கழகத்தின் செயலாளர் வேலையும் என்னிடம்தான்.

கழகத்தில் உண்மையான உதவிப் பயிற்றுநர் ஒருவர் இருந்தார். சஞ்சீவன் அண்ணை. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் முதலில் விளையாடி, பிறகு அதே அணிக்கு உதவிப் பயிற்றுநராக இருந்தவர். பிள்ளைகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டார். விரலால் ஒரு சைகை காட்டுவார், முழு அணியும் இடம் மாறும். நானும் அதே சைகையைக் காட்டிப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் எனக்குக் கையில் ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

போன வருடம் ஒக்ரோபரில் கழகத்தின் இருபதாவது ஆண்டு மலர் வெளிவந்தது. அதில் உதவிப் பயிற்றுநர்கள் நால்வரின் கடந்தகாலத்தைப் பற்றி ஆளுக்கு அரைப் பக்கம் போடுவதென்று கழகத் தலைவர் குலசேகரம் அண்ணை முடிவெடுத்தார். நான் ஒரு படிவம் அடித்துக் கொடுத்தேன்: பெயர், படித்த கல்லூரி, பயிற்சி கொடுத்த ஆண்டுகள், வெற்றிகள், கையெழுத்து, திகதி. சஞ்சீவன் அண்ணை நீலப் பேனையால் நிரப்பித் தந்தார். 2015 முதல் 2020 வரை உதவிப் பயிற்றுநர் என்று எழுதி, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார். 2018 பங்குனி முதல் புரட்டாதி வரை அணியோடு இல்லை, பிடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். அணியின் பழைய மாணவர்கள் இருவரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று மைதானத்திலிருந்து கூட்டிப் போன புலனாய்வுப் பொலிஸார் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் தேடி வந்தபோதுதான் நாட்டைவிட்டு வந்தார். பிரான்சில் அவர் கேட்ட அகதி அந்தஸ்து முழுவதும் அந்த ஏழு மாதத்தின் மேல்தான் நின்றது.

எங்கள் மலர்களைத் தெரிந்தவர்களுக்கு அடுத்தது விளங்கும். மலரில் யாருடைய வாழ்க்கையிலும் இடைவெளி இருக்காது. படிவங்களைப் பார்த்த குலசேகரம் அண்ணை எனக்கு அறிவுரை சொன்னார்.

"மலருக்குள்ளை ஒருத்தனும் சும்மா இருந்தவன் எண்டு வரக்கூடாது தம்பி. கலியாணப் புறோக்கர் மாதிரி எழுது."

அப்படியே எழுதினேன். இரண்டு வருடம் கோப்பை கழுவியவரை உணவகத்துறையில் தடம் பதித்தார் என்று எழுதினேன். முழங்கால் உடைந்து வீட்டிலிருந்தவர் நுட்பங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சஞ்சீவன் அண்ணைக்கு, 'ஐந்து ஆண்டுகள் ஒருநாளும் இடைவிடாது கல்லூரி அணிக்கு உதவிப் பயிற்றுநராகப் பணியாற்றினார்' என்று எழுதினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் அப்போது இல்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவரும் வாசித்துச் சிரித்தார்.

"நான் உள்ளுக்கை இருந்த நேரமும் விசில் ஊதினனான் எண்டு எழுதிப்போட்டாய் என்ன? பரவாயில்லை, எல்லாருக்கும் உப்பிடித்தானே எழுதுறது."

ஜனவரியில் கழகத்துக்கு ஓர் ஒப்பந்த வேலை கிடைத்தது. ஒரு வருடத்துக்கு முழுநேரச் சம்பளத்தோடு ஓர் உதவிப் பயிற்றுநர். குலசேகரம் அண்ணை எங்கள் இருவரையும் தேநீர்க்கடைக்குக் கூட்டிப் போய் நேராகவே சொன்னார். சஞ்சீவனின் கேஸ் வென்று வேலை செய்யும் உரிமை வந்தால் வேலை அவருக்கு. இல்லாவிட்டால் எனக்கு. ஜூன் முடிவதற்குள் கையெழுத்து வைக்க வேண்டும். சஞ்சீவன் அண்ணை என் தோளில் தட்டி, தனக்குக் கிடைத்தால் முதற் சம்பளத்தில் எனக்கு ஒரு நல்ல விசில் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

என்னுடைய நிலைமையையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. என் வதிவிட அட்டை ஜூலை 15 வரைக்கும்தான். முழுநேர ஒப்பந்தம் ஒன்று காட்டாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். கடையில் எனக்கு அரைநேர வேலைக்குத்தான் ஒப்பந்தக் கடதாசி. முதலாளியிடம் மூன்று தடவை கேட்டேன். வேறு பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், எல்லாவற்றையும் திகதியோடு குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு இடங்களிலிருந்துதான் பதில் வந்தது. கார் து நோர் ரயில் நிலையத்தில் பொலிஸைக் கண்டால், அட்டை செல்லுபடியாக இருந்தும் மற்ற வாசலால் போவேன்.

பெப்ரவரியில் சஞ்சீவன் அண்ணை மலரோடு கடைக்கு வந்தார். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்கு, அவர் கல்லூரியில் பயிற்றுநராக இருந்ததற்கு ஆதாரமில்லை என்பதும் ஒரு காரணம். மேன்முறையீட்டுக்கு இந்த மலரையே ஆதாரமாகக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. தன்னுடைய பக்கத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்.

பக்கத்தை விரித்ததும் கண்டுவிட்டேன். ஒருநாளும் இடைவிடாது. அவர் காணவில்லை. அவர் மட்டுமல்ல, எங்களில் யாரும் காண மாட்டார்கள். மலரில் வரும் ஆண்டுகளை நாங்கள் ஆண்டுகளாக வாசிப்பதில்லை, பொன்னாடை மாதிரித்தான் பார்ப்போம். ஆனால் ஒரு நீதிபதி அதை ஆண்டுகளாகத்தான் வாசிப்பார். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அண்ணை, இந்த வரி ஆபத்து, நீங்கள் எழுதித் தந்த படிவத்தையும் சேர்த்துக் கொடுப்போம் என்று சொல்லியிருக்கலாம்.

நான் மொழிபெயர்த்தேன். இரண்டு மாலை எடுத்தது. அகராதி பார்த்து, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் செய்தேன். மொழிபெயர்ப்பவர் தன் விருப்பத்துக்கு எதையும் சேர்க்கக்கூடாது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். ஜிஸ்லேனிடம் காட்டினேன். ஒருநாளும் இடைவிடாது என்பதற்கு நான் போட்ட சொற்றொடரின் கீழ் கோடிட்டு, மிகச் சரி என்று எழுதித் தந்தார்.

மார்ச் 6 விசாரணை. நான் போகவில்லை. சஞ்சீவன் அண்ணையின் மனைவி தாட்சாயினி அக்கா சொல்லித்தான் தெரியும். நீதிபதி அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். ஏழு மாதம் அடைத்து வைத்திருந்ததாகச் சொல்கிறீர்கள், நீங்களே கொடுத்த இந்தத் தாளில் ஒருநாளும் இடைவிடாது வேலை செய்தீர்கள் என்று இருக்கிறதே, எது உண்மை? சஞ்சீவன் அண்ணை, மலரில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாராம். நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் அதைச் சரியாகவே சொன்னாராம். நீதிபதி குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவரது வழக்கறிஞர் ஆரெலி, மலர் எழுதுமுன் எங்கேயாவது உண்மையான திகதிகளை எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறார். தீர்ப்புக்கு முன் அனுப்பினால் பார்ப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரமே தாட்சாயினி அக்கா கடைக்கு ஓடி வந்தார். குளிரில் மூச்சு வாங்கியது.

"தம்பி, இவர் கைப்பட எழுதித் தந்த ஃபோம் உங்களிட்டை இருக்கே?"

"மலர் அடிச்சாப்பிறகு எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டம் அக்கா."

படிவம் அப்போது என் முழங்காலுக்கு நேரே, மேசை லாச்சியில், ரசீதுப் புத்தகத்துக்குக் கீழே இருந்தது. நான் எதையும் எறிகிறவன் அல்ல. அவருக்கு ஒரு கதிரை போட்டு, சூடாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் அழுதபோது எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பல்ல என்று நினைக்கிறேன். ஆனால் இதில் எனக்கு உறுதியில்லை.

மாதக் கடைசியில் தீர்ப்பு வந்தது. மறுப்பு. பிறகு நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம். அவர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. போன ஞாயிறு, பயிற்சி முடிந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு வரும்போது, கார் து நோரில் மறித்துக் கடதாசி கேட்டிருக்கிறார்கள். இப்போது தடுப்பு நிலையத்தில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை குலசேகரம் அண்ணை ஒப்பந்தத்தை என் முன் வைத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஒப்பந்தம் கையில் வந்தபிறகு எனக்குப் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்காவுக்காக நான் கதைத்தபோது ஆரெலி தொலைபேசியில் சொன்னதுதான் காரணம். தடுப்பு நிலையத்துக்குப் போன ஐந்து நாட்களுக்குள் புதிய ஆதாரம் ஒன்று கொடுத்தால் வழக்கை மறுபடி பார்க்கக் கேட்கலாம். நாளை வெள்ளிக்கிழமையோடு அது முடிகிறது. கேட்டால், பார்க்கும்வரைக்கும் அனுப்ப மாட்டார்கள். வென்றால் அவர் வெளியே வருவார். வெளியே வந்தால் முதலில் அந்தப் படிவம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் குலசேகரம் அண்ணை கேட்பார். ஒப்பந்தத்தில் சோதனைக்காலம் ஒரு மாதம் என்று நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் காரணம் சொல்லாமலே என்னை நிறுத்தலாம்.

இன்று மூன்று மணிக்குத் தாட்சாயினி அக்கா மறுபடி வந்தார். இந்த முறை அழவில்லை. சனிக்கிழமைக்கு விமானம் போட்டிருக்கிறார்களாம். போன கிழமையும் ஊரில் மாமியார் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, மகன் எப்போது வருகிறார் என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம். அச்சகத்திலாவது ஒரு பிரதி கிடக்காதா என்று கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

"நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு இஞ்சை ஆர் தம்பி இருக்கினம்?"

அவர் போனபிறகு லாச்சியைத் திறந்து படிவத்தை எடுத்து வாசித்தேன். நீல எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. கையெழுத்தும் திகதியும் தெளிவாக இருந்தன. வழக்கறிஞருக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. அவருடைய அலுவலகம் கடையிலிருந்து மெற்றோவில் நாலு தரிப்பிடம்.

எங்கள் கடையில் காகிதத்தைத் தூளாக வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. மற்றவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் பிழையாக விழுந்தால் குப்பையில் போடக்கூடாது, அதில் போட வேண்டும். நாலு மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சஞ்சீவன் அண்ணையின் படிவத்தை அதில் போட்டேன். மூன்று விநாடி எடுத்தது. அதுவரைக்கும் நான் செய்தது மறதி, சோம்பல், பயம் என்று வேறு ஏதாவது பெயர் வைக்கலாம். இதற்கு வைக்க முடியவில்லை. அவரை யாரிடம் அனுப்புகிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

ஆனாலும், நான் ஓர் இடத்திலும் பொய் எழுதவில்லையே என்று எழுத வந்தேன். மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தேன். மலரில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் அவர் இடத்தில் வேறொருவர் வந்திருந்தால் பிள்ளைகளை இந்த அளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள மாட்டார் என்பது உண்மை. ஒருநாளும் பிந்திப் போனதில்லை நான். அக்காவையும் கைவிட்டதில்லை.

நாளைய வேலை: எட்டே காலுக்குக் கார் து நோரில் தாட்சாயினி அக்காவைச் சந்தித்து, தடுப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போய், சஞ்சீவன் அண்ணையோடு அவர் கதைக்கும்வரை உடனிருந்து, அதிகாரிகள் சொல்வதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அண்ணைக்கு இரண்டு சேர்ட், ஒரு சோடிச் சப்பாத்து. என் அட்டையை மறக்காமல் எடுக்க வேண்டும்.